ரெண்டு நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டர்: பெயரை யார்கிட்ட கேட்கும்?

தருமபுரியில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். டிஎன்எஸ் (பெயரைக் கொடுத்தால் அதோட ஐபி எண்ணைச் சொல்ற ஏற்பாடு) சந்தேகங்களைக் கேளுங்க என்றதற்கு வந்தவை, பதில்களோடு.

கேள்வி (காவேரிப்பட்டணம், மாங்கூழ் ஆலை அலுவலகம்): அண்ணே, பில்லிங் சர்வர் லேன் கேபிளில், இன்டர்நெட் போன் ஹாட்ஸ்பாட்டில். 192.168.10.5 அடிச்சா திறக்குது. 'பில்லிங்.ஆபீஸ்.லேன்' அடிச்சா அப்படி ஒண்ணே இல்லைங்குது. லேன் கார்டில் முதல் டிஎன்எஸ் கூகுளோட 8.8.8.8, ரெண்டாவது எங்க சர்வர் 192.168.10.2.

பதில்: ஐபி போட்டால் திறக்குதுன்னா பாதை சரி, பெயரில்தான் தகராறு. ரெண்டாவது டிஎன்எஸ்ஸை எல்லாரும் தப்பாத்தான் புரிஞ்சு வச்சிருக்காங்க. முதல் ஆள் வாயே திறக்கலைன்னாதான் அடுத்த ஆள்கிட்ட போகும். இங்க 8.8.8.8 சும்மா இருக்கலை, 'அப்படி ஒரு பெயரே கிடையாது'ன்னு பதில் சொல்லிடுச்சு. பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் 'அந்தத் தெருவே ஊரில் இல்லை'ன்னு அடிச்சுச் சொன்னதும் வந்த பஸ்ஸிலேயே திரும்புற ஆள்தான் கம்ப்யூட்டர்.

வரிசையை மாத்திப் போடுறதும் வைத்தியம் இல்லை. இன்டர்நெட்டே இல்லாத உங்க சர்வர்கிட்ட போய் யூடியூப் விலாசம் கேட்கும்.

ஒரே சர்வர்தான்னா ஹோஸ்ட்ஸ் ஃபைல் (எந்தப் பெயருக்கு எந்த ஐபின்னு கம்ப்யூட்டரிலேயே எழுதி வைக்கிற பட்டியல்) போதும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து, விண்டோஸ் → சிஸ்டம்32 → டிரைவர்ஸ் → ஈடிசி உள்ளே இருக்கிற 'ஹோஸ்ட்ஸ்' ஃபைலில் ஐபி, ஒரு இடைவெளி, பெயர். சேமிக்கும்போது பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்காம பாருங்க.

பெயர்கள் நிறையன்னா பவர்ஷெல்லில் (விண்டோஸின் கட்டளைத் திரை) என்ஆர்பிடி விதி ஒண்ணு, அதாவது எந்தப் பெயரை எந்த டிஎன்எஸ்கிட்ட கேட்கணும்னு விண்டோஸுக்குச் சொல்றது: '.ஆபீஸ்.லேன்' என்று முடியுறதெல்லாம் 192.168.10.2-க்கு. முன்னால் இருக்கிற புள்ளியை விட்டுடாதீங்க, அது இல்லைன்னா உள்ளே இருக்கிற பெயர்களுக்கு விதி பொருந்தாது. லேன் கார்டில் டிஎன்எஸ்ஸைக் காலியா விடுங்க, மத்ததை ஹாட்ஸ்பாட் பார்த்துக்கும்.

கேள்வி (பாலக்கோடு): லேனுக்கும் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போற வாசல்) கொடுக்கணுமா?

பதில்: எல்லா மெஷினும் ஒரே சப்நெட்டில்னா (ஒரே ஐபி வட்டத்தில்னா) வேண்டாங்க.

கேள்வி (ஓசூர், சிப்காட்): சார், உபுண்டுவில் (லினக்ஸ்) டிஎன்எஸ் விலாசம் இருக்கிற ரிசால்வ்.கான்ஃப் ஃபைலில் எழுதுறது ரீபூட் ஆனா காணாம போகுது.

பதில்: அது சிஸ்டம்டி-ரிசால்வ்டுங்கிற, பெயர் தேடுற சர்வீஸ் தானே எழுதிக்கிற ஃபைல் தம்பி. உள்ளே அந்த சர்வீஸோட விலாசம் 127.0.0.53 இருக்கும் பாருங்க. நெட்வொர்க் மேனேஜரில் ஆலை கனெக்‌ஷனுக்கு டிஎன்எஸ் கொடுத்து, சர்ச் டொமைனில் ஆலைப் பெயருக்கு முன்னால் '~' போடுங்க. அந்தப் பெயர்கள் மட்டும் அந்த வழியில் போகும்.

அப்புறம், உங்க டொமைன் '.லோக்கல்'னு முடியுதுன்னு எழுதியிருந்தீங்க. மாத்துங்க. 2013-லேயே அதை எம்டிஎன்எஸ்ஸுக்குன்னு (சர்வரே இல்லாம பக்கத்து மெஷின்கள் ஒண்ணுக்கொண்ணு பெயர் கேட்டுக்கிற முறை) ஒதுக்கிட்டாங்க. அதுக்குப் பதிலா 'ஹோம்.ஆர்பா' இருக்கு, 2024-ல் ஒதுக்கின '.இன்டர்னல்' இருக்கு.

கேள்வி (மறுபடி காவேரிப்பட்டணம்): ஹோஸ்ட்ஸில் எழுதிட்டேன். பெயரைச் சோதிக்கிற என்எஸ்லுக்கப் கட்டளை இன்னும் இல்லைங்குதேண்ணே!

பதில்: அது ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்காது, நேரா டிஎன்எஸ் சர்வரைத்தான் கேட்கும். என்ஆர்பிடி விதியையும் அப்படித்தான். பிங் அடிச்சு, முதல் வரியில் 192.168.10.5 வருதான்னு பாருங்க.