பத்துக்குப் பத்து ரூம்ல உள்ள ஹைஃபை செட்டை அப்கிரேட் பண்ண முதல்ல எதை மாத்தணும்?

பாளையங்கோட்டைல பத்துக்குப் பத்து ரூம், பழைய செட்டுல பேஸ் (கனத்த தாழ்ந்த சத்தம்) கும்முகும்முன்னு கேக்கு, புது ஆம்ப் (சத்தத்தைக் கூட்டித் தர்ற ஆம்ப்ளிஃபையர்) வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வாங்காண்டாம் அண்ணாச்சி, கோளாறு ரூம்லதான் இருக்கு.

10 அடி இடைவெளில எதிரெதிர் சுவரு இருந்தா சுமார் 56 ஹெர்ட்ஸ்ல (செகண்டுக்கு 56 அதிர்வு) உள்ள பேஸ் சத்தம் தேங்கி நிக்கும், உங்களுக்கு நீளமும் அகலமும் ஒண்ணா இருக்கதால ரெண்டும் அதே 56 ஹெர்ட்ஸ்ல சேந்து வீங்கும், தவில்ல ஒவ்வொரு அடியும் தனியா விழாம ஒரே முழக்கமா ஓடுதுல்லா, அது இதனாலதான்.

முதல்ல ஸ்பீக்கரை மூலைலேந்து வெளிய இழுங்க, பின்னால ஓட்டை உள்ளதுன்னா சுவத்துலேந்து ரெண்டடியாவது தள்ளி வைங்க, இடமில்லன்னா அந்த ஓட்டைல ஸ்பாஞ்சைத் திணிச்சுப் பாருங்க. நீங்களும் சுவத்தை ஒட்டி உக்காராதீங்க, அங்கதான் பேஸ் ரொம்ப ஏறும். பத்தமடைப் பாய் மாட்டுனா சரியாயிரும்னு சிலபேரு சொல்லுவாங்க, அவ்வளவு மெல்லிசா இருக்கது பேஸை ஒண்ணும் செய்யாது. நல்ல தடிமனான இலவம்பஞ்சு மெத்தைய மூலைல நிமித்தி வைங்க, 56-ஐ அடக்காது, ஆனா அதுக்கு மேல உள்ள இரைச்சல் நல்லாவே குறையும்.

அப்புறமும் மாத்தணும்னா ஸ்பீக்கரை மாத்துங்க, 5 இஞ்ச் ஊஃபர் (பேஸ் தர்ற கூம்பு) உள்ள புக்ஷெல்ஃப்னு சொல்ற சின்ன ஸ்பீக்கர் தாராளம், இந்த ரூமுக்கு 8 இஞ்ச் ஊஃபர் வச்சு தரைல நிக்கிற உயரமான டவர் ஸ்பீக்கர்லாம் வேண்டவே வேண்டாம்.