டெஸ்க்டொப் மாறினாலும் பழைய செட்டிங்ஸ் ஏன் போவதில்லை? கேள்வி பதில்

திரையின் தோற்றத்தையும் மெனுக்களையும் தருவது டெஸ்க்டொப். க்னோம், பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஈ, சினமன் என்று லினக்ஸில் இருக்கும் டெஸ்க்டொப்களில் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறிய கொழும்பு வாசகர்கள் கேட்டவை இவை. எல்லாரும் உபுந்து அல்லது அதன் வழிவந்த ஒன்றைத்தான் பாவிக்கிறார்கள். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

வெள்ளவத்தை, மாணவர்: அண்ணா, கொஞ்சக் காலம் பிளாஸ்மா பாவித்துவிட்டுத் திரும்ப க்னோமுக்கு வந்தேன். பிளாஸ்மா பக்கேஜ் முழுவதையும் பர்ஜ் பண்ணிவிட்டேன். ஆனாலும் சில விண்டோக்கள் அதே கருநிறத்தில் நிற்கின்றன. எழுத்துருவும் பழையபடி இல்லை.

பதில்: தம்பி, பர்ஜ் பண்ணினால் போவது சிஸ்டத்தில் இருக்கிற புரோகிராமும் அதன் பொதுச் செட்டிங்ஸும்தான். உங்கள் ஹோம் ஃபோல்டரை அது தொடவே தொடாது. தொடவும் கூடாது, ஏனென்றால் அது உங்களுடையது. நீங்கள் பார்க்கும் மிச்சமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் நடந்தது இதுதான். க்னோமுக்காக எழுதப்பட்ட புரோகிராம்கள் தன் தோற்றத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று பிளாஸ்மா இரண்டு இடங்களில் எழுதி வைக்கிறது. முதலாவது, ஹோமில் புள்ளியோடு தொடங்கும் 'கொன்ஃபிக்' ஃபோல்டர். ஃபைல் மனேஜரில் கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் தெரியும். அதற்குள் ஜிடிகே-3.0, ஜிடிகே-4.0 என்று இரண்டு ஃபோல்டர்கள் உண்டு. திறந்து பாருங்கள், ஜிடிகே டொட் சிஎஸ்எஸ், கலர்ஸ் டொட் சிஎஸ்எஸ் என்ற ஃபைல்கள் கிடக்கும். அந்தக் கருநிறம் அங்கிருந்துதான் வருகிறது. செட்டிங்ஸ் டொட் ஐஎன்ஐ ஃபைலில் தீமின் பெயர் 'பிரீஸ்' என்று இருந்தால் அதுவும் பிளாஸ்மா எழுதியதே. இரண்டு ஃபோல்டரையும் அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி, லொக் அவுட் பண்ணி வாருங்கள்.

இரண்டாவது இடம் டீகொன்ஃப். க்னோம் தன் விருப்பங்களையெல்லாம் வைத்திருக்கும் பதிவேடு அது. டீகொன்ஃப் எடிட்டரை நிறுவி ஓர்க், க்னோம், டெஸ்க்டொப், இன்டர்ஃபேஸ் என்று உள்ளே போங்கள். தீம், ஐகொன், கேர்சர், எழுத்துரு என்று மாறியிருப்பவை தடித்த எழுத்தில் தெரியும். ஒவ்வொன்றையும் இயல்பு நிலைக்குத் திருப்பிவிட்டால் எழுத்துருவும் சரியாகிவிடும்.

பம்பலப்பிட்டி, அலுவலக ஊழியர்: என் வேலைக்குத் தமிழும் சிங்களமும் அடிக்க வேண்டும். பிளாஸ்மாவில் எஃப்சிடிஎக்ஸ் என்ற தட்டச்சுக் கருவியைப் போட்டு வடிவாக வேலை செய்தது. க்னோமுக்கு மாறியபின் மேலே 'தமிழ்' என்று காட்டுகிறது, ஆனால் அடித்தால் ஆங்கிலம்தான் வருகிறது.

பதில்: அக்கா, வந்த கேள்விகளில் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். நிறம் மாறினால் பொறுத்துக்கொள்ளலாம், கடிதம் அடிக்க முடியாவிட்டால் வேலையே நின்றுவிடும்.

க்னோம் ஐபஸ் என்ற வேறொரு தட்டச்சு முறையோடு பிணைந்தது. உங்கள் கணக்கிலோ இன்னும் 'எஃப்சிடிஎக்ஸைக் கேள்' என்ற பழைய உத்தரவு கிடக்கிறது. டெர்மினலில் ஈ, என், வி என்ற மூன்று எழுத்தை அடித்து என்டர் பண்ணுங்கள். நீளமாக ஒரு பட்டியல் வரும். அதில் ஜிடிகே ஐஎம் மொடியூல், கியூடி ஐஎம் மொடியூல், எக்ஸ்மொடிஃபையர்ஸ் என்ற மூன்று வரிகளைத் தேடுங்கள். எஃப்சிடிஎக்ஸ் என்று இருந்தால் காரணம் அதுதான்: புரோகிராம்கள் ஓடாத ஒன்றிடம் எழுத்தைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

அந்த வரிகள் நான்கு இடங்களில் ஒன்றில் இருக்கலாம். ஹோமில் மறைந்திருக்கும் புரொஃபைல், எக்ஸ்இன்புட்ஆர்சி என்ற இரண்டு ஃபைல்கள், கொன்ஃபிக்குக்குள் என்வைரன்மென்ட் டொட் டி ஃபோல்டர், அப்புறம் சிஸ்டத்தின் ஈடிசி ஃபோல்டருக்குள் என்வைரன்மென்ட் ஃபைல். புரொஃபைலில் நீங்கள் கையால் எழுதியிருந்தால் அந்த வரிகளை மட்டும் எடுத்துவிடுங்கள். எக்ஸ்இன்புட்ஆர்சி ஃபைல், ஐஎம்-கொன்ஃபிக் என்ற கருவி எழுதியது. அந்தக் கருவியைத் திறந்து ஐபஸைத் தெரிவு செய்தாலே போதும்.

பிறகு ஐபஸ்-எம்17என் பக்கேஜை நிறுவி, லொக் அவுட் பண்ணி வந்து, விசைப்பலகைகளைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். ஏனென்றால் எஃப்சிடிஎக்ஸில் செய்த தெரிவுகள் ஐபஸுக்கு வராது. நம் நாட்டு அரச அலுவலகங்களில் பழகியவர்களுக்கு வேண்டிய ரெங்கநாதன் விசைப்பலகை எம்17என்னில் இருக்கிறது. தமிழ்99 உண்டு, சிங்களத்துக்கு விஜேசேகரவும் உண்டு. பழகிய கையை மாற்ற வேண்டியதில்லை.

கொட்டாஞ்சேனை, கடைக்காரர்: க்னோமிலிருந்து பிளாஸ்மாவுக்கு வந்ததும் குரோம் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேற்றிவிட்டது. சேமித்த கடவுச்சொற்களும் இல்லை. போய்விட்டதா?

பதில்: போகவில்லை, பூட்டிக் கிடக்கிறது. குரோம் தன் கடவுச்சொற்களைப் பூட்டும் சாவியை டெஸ்க்டொப்பின் பெட்டகத்தில் வைக்கிறது. க்னோமில் அது கீரிங், பிளாஸ்மாவில் கேவொலட். இப்போது குரோம் புதிய பெட்டகத்தில் தேடுகிறது, சாவி இருப்பதோ பழையதில். க்னோமை இன்னும் நீக்கவில்லை என்றால் லொகின் திரையில் அதைத் தெரிவு செய்து உள்ளே போய், கடவுச்சொற்களை ஏற்றுமதி பண்ணுங்கள். பிளாஸ்மாவுக்கு வந்து இறக்குமதி பண்ணியதும் அந்த ஃபைலை மறக்காமல் அழியுங்கள், அதில் எல்லாமே வெளிப்படையாக இருக்கும். பயர்பொக்ஸ் சாவியைத் தன் சொந்த ஃபோல்டரிலேயே வைப்பதால் இந்தச் சிக்கல் அதற்கு வராது.

தெஹிவளை: எக்ஸ்எஃப்சிஈயில் பனல் குழம்பிவிட்டது. கொன்ஃபிக்குக்குள் எக்ஸ்எஃப்சிஈ4 ஃபோல்டரை அழித்தேன். மறுபடி லொகின் பண்ணினால் அதே குழம்பிய பனல்!

பதில்: ஓடிக்கொண்டிருக்கும்போது அழித்திருப்பீர்கள். எக்ஸ்எஃப்கொன்ஃப்டி என்ற பின்னணிப் புரோகிராம் செட்டிங்ஸை நினைவகத்தில் வைத்திருக்கிறது. ஃபைலை அழித்தாலும் அது திரும்ப எழுதிவிடும். முதலில் லொக் அவுட் பண்ணுங்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே லொகின் பண்ணி அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றி, ரீபூட் பண்ணுங்கள். புதுப் பனல் வரும்.

மட்டக்குளி: க்னோமுக்கு வந்தபின் முன்பு பாவித்த டெஸ்க்டொப்பின் புரோகிராம்கள் சில தானாகத் தொடங்குகின்றன. பிடிஎஃப்பும் ஒக்யுலர் என்ற பழைய புரோகிராமில் திறக்கிறது.

பதில்: கொன்ஃபிக்குக்குள் ஓட்டோஸ்டார்ட் ஃபோல்டரைப் பாருங்கள், வேண்டாதவற்றை வெளியே நகர்த்துங்கள். பிடிஎஃப்புக்கு, ஃபைலை ரைட் கிளிக் பண்ணி 'இதைக் கொண்டு திற' என்பதில் வேறொன்றை நிரந்தரமாகத் தெரிவு செய்தால் சரி. அந்தத் தெரிவு மைம்அப்ஸ் டொட் லிஸ்ட் என்ற ஃபைலில் பதிவாகும். அதை எல்லா டெஸ்க்டொப்பும் பொதுவாக வாசிப்பதால்தான் பழைய பழக்கம் கூடவே வந்தது.

வெள்ளவத்தை, இன்னொருவர்: இவ்வளவு தேடுவதைவிட கொன்ஃபிக் ஃபோல்டரையே அழித்தால் என்ன?

பதில்: தயவுசெய்து வேண்டாம். குரோமின் புக்மார்க்குகள், லிப்ரே ஒஃபிஸில் நீங்கள் சேர்த்த சொற்கள் எல்லாம் அதற்குள்தான். ஒரு தீமுக்காக அவற்றை இழப்பது அநியாயம்.

முதலில் செட்டிங்ஸில் புதிய பயனர் ஒருவரை உருவாக்கி அந்தக் கணக்கில் லொகின் பண்ணிப் பாருங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால் கோளாறு உங்கள் ஹோமில். அங்கேயும் அதே கோளாறு என்றால் சிஸ்டத்தில் தேட வேண்டும், ஹோமில் எதை அழித்தும் பயனில்லை. பூட் ஆகும்போது குபுந்து (உபுந்துவின் பிளாஸ்மா பதிப்பு) சின்னம் வருகிறது, லொகின் திரை பழையது என்பவை இந்த இரண்டாம் வகை. சின்னத்தைக் காட்டுவது பிளிமவுத், லொகின் திரை ஜிடிஎம்3 அல்லது எஸ்டிடிஎம். லொகின் திரைக்கு டிபிகேஜி-ரீகொன்ஃபிகர் கட்டளையை ஜிடிஎம்3 என்ற பெயரோடு, நிர்வாகி அனுமதி தரும் சூடோவை முன்னால் போட்டு ஓட்டினால், எது வேண்டும் என்று அதுவே கேட்கும்.