கோப்புறைகளை எதைக் கொண்டு பிரிப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜாவா மொழியிலும் அதன் ஸ்பிரிங் பூட் சட்டகத்திலும் எழுதப்பட்டு, சில ஆண்டுகளாக வளர்ந்துவந்திருக்கும் ஒரு செயலியில் எங்கள் குழு வேலை செய்கிறது. கோரிக்கைகளை வாங்கும் கண்ட்ரோலர், வேலையைச் செய்யும் சர்வீஸ், தரவைச் சேமித்தெடுக்கும் ரெபாசிட்டரி, தரவின் வடிவமான மாடல், பொதுச் சிறு உதவிகளுக்கான யுடில்ஸ் என்று கோப்புறைகளை வகைவாரியாக வைத்திருக்கிறோம். ரசீதில் ஒரு புலத்தைச் சேர்ப்பதற்குக்கூட நான்கு கோப்புறைகளுக்குள் போய்வர வேண்டியிருக்கிறது. ரசீது, பயனர், அறிக்கை என்று மாற்றி அடுக்கலாம் என்கிறார்கள் சிலர். ஓடுவது ஓடட்டும் என்கிறார்கள் மற்றவர்கள். எதைச் செய்வது? யுடில்ஸை என்ன செய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாற்றி அடுக்கலாம் என்பவர்கள் பக்கம்தான் நான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் இடம் மாற்றுவதை ஏற்க மாட்டேன்.

எவை சேர்ந்தே மாறுகின்றனவோ அவை சேர்ந்தே இருக்க வேண்டும். கணினியியலாளர் டேவிட் பார்னஸ் 1972இல் எழுதிய கட்டுரையில், ஒரு நிரலை அதன் செயல்படிகளின் வரிசைப்படி பிரிக்காமல், பின்னாளில் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றும் ஒரு மாட்யூலுக்குள், அதாவது நிரலின் தனிப் பகுதிக்குள், அடங்கும்படி பிரிக்க வேண்டும் என்று வாதிட்டார். உங்கள் செயலியில் எவை சேர்ந்து மாறுகின்றன என்பதைக் நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றைப் புரட்டினாலே கண்டுகொள்ளலாம். குழுக் கூட்டத்தில் இதை விவாதிக்கத் தேவையில்லை.

வகைவாரி அமைப்பில் இன்னொரு கேடும் உண்டு. இதை நான் பெரிதாக நினைக்கிறேன். ஜாவாவில் பப்ளிக் என்று எழுதாமல் விட்ட வகுப்பு (கிளாஸ்) தன் பேக்கேஜுக்கு, அதாவது அது இருக்கும் கோப்புறைக்கு, வெளியே தெரியாது. ஆனால் ரசீதின் கண்ட்ரோலர் ஒரு பேக்கேஜிலும் சர்வீஸ் வேறொரு பேக்கேஜிலும் இருந்தால், அந்த சர்வீஸைப் பப்ளிக் ஆக்கியே தீர வேண்டும். ஆக்கிய பிறகு அறிக்கைப் பகுதியில் வேலை செய்பவர் அதை நேரே அழைப்பதைத் தடுக்க மொழியில் எளிய வழியில்லை. எல்லாம் ரசீது என்ற ஒரே பேக்கேஜுக்குள் வந்துவிட்டால், வெளியார் தொட வேண்டிய ஓரிரு வகுப்புகளைத் தவிர மற்றவற்றை மூடிவைக்கலாம். அதற்குள் மறுபடியும் உட்கோப்புறைகள் போட்டுவிடாதீர்கள்: ஜாவாவுக்கு உட்பேக்கேஜும் அயலார்தான். சோதனைக் கோப்புகளுக்கும் அதே பேக்கேஜ் பெயரையே கொடுத்தால், மூடிய வகுப்புகளையும் அவை சோதிக்க முடியும். முதன்மை வகுப்பு இருக்கும் பேக்கேஜுக்குக் கீழே எங்கிருந்தாலும் ஸ்பிரிங் பூட் கண்ட்ரோலர்களைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அதனால் அந்தப் பக்கம் தடை ஏதுமில்லை.

இடம் மாற்றும் முறைக்கு லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் பாருங்கள். எக்ஸ்86 வகைப் பிராசஸர்களில் 32 பிட்டுக்கு ஒன்று, 64 பிட்டுக்கு ஒன்று என அதில் இரண்டு கோப்புறைகள் இருந்தன. ஒன்றில் செய்த திருத்தத்தைப் பல சமயம் மற்றதிலும் செய்ய வேண்டியிருந்தது. 2008 ஜனவரியில் வெளிவந்த 2.6.24 பதிப்பில் இரண்டையும் ஒரே கோப்புறையாக்கினார்கள். அப்போதும் பல கோப்புகளை உடனே கலந்துவிடவில்லை. பெயரின் இறுதியில் 32, 64 என்று சேர்த்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்தடுத்த பதிப்புகளில் ஒவ்வொன்றாக இணைத்தார்கள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். கோப்பு இடம் மாறியதைக் கிட் பதிந்துவைப்பதில்லை. பழைய கோப்புக்கும் புதிய கோப்புக்கும் உள்ள ஒற்றுமையைக் கொண்டு பின்னர் ஊகிக்கிறது. இயல்பாக அதற்கு 50 சதவீத ஒற்றுமையாவது வேண்டும். இடத்தையும் உள்ளடக்கத்தையும் ஒரே கமிட்டில் (கிட்டில் ஒருமுறை பதியும் மாற்றத் தொகுப்பில்) மாற்றினால் ஊகம் தவறி, அந்தக் கோப்பின் வரலாறு அங்கேயே அறுந்துபோகலாம். எனவே இடமாற்றக் கமிட்டில், பேக்கேஜ் பெயரையும் இம்போர்ட் வரிகளையும் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

யுடில்ஸில் உள்ள ஒவ்வொன்றையும் யார் அழைக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே பகுதி மட்டும் அழைக்குமானால் அது அந்தப் பகுதியின் சொத்து. பலரும் அழைக்கும் தேதிக் கணக்கு போன்றவற்றுக்குத் தேதி என்றே ஒரு பேக்கேஜ் கொடுங்கள். மிச்சம் கொஞ்சம் அங்கேயே கிடந்தால் கிடக்கட்டும்.

ரசீதிலிருந்து தொடங்குங்கள், ஆனால் அதைத் தொடும் கிட் கிளைகளை, அதாவது தனித்தனியே நடந்துகொண்டிருக்கும் வேலைகளையெல்லாம், முதலில் இணைத்து முடித்துவிடுங்கள்.