அட்டை போட்ட புத்தகம்

கேள்வி: வயது 26. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. எனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு என்பது பதினோராம் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது, வீட்டில் தெரியாது. நான்கு வருடமாக நோட்டில் எழுதி வருகிறேன், இரண்டு பக்கம் இதோடு வைத்திருக்கிறேன். இதைத் தன்வரலாறாகக் கொண்டுவர ஆசை. பால் மோனெட் என்ற அமெரிக்கரைப் படி என்றான் நண்பன். யார் அவர், அவரைப் படித்து எனக்கு என்ன ஆகப்போகிறது?
(பெயர் வேண்டாம், பாலக்கோடு)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் அலமாரியைக் குடைந்து மோனெட்டின் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பல வருடம் முன்னால் பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அதற்கு நான் போட்ட அட்டை இன்னும் கழலவில்லை. மாதக் காலண்டர் தாள், வெள்ளைப் பக்கம் வெளியே, உள்மடிப்பில் முருகனின் பாதம் மட்டும் தெரியும். கிருஷ்ணகிரி பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் அட்டையைப் பார்த்துவிடக் கூடாதே என்று போட்டது. எனக்கு அந்த ஈர்ப்பு இல்லை, பேரன் எடுத்தவன். புத்தகத்தைக் கையில் வைத்திருப்பதற்கே எனக்கு அவ்வளவு பயம் என்றால் நீங்கள் அந்த நோட்டை வீட்டில் எங்கே வைத்திருப்பீர்கள் என்று யோசித்துக்கொண்டே படித்தேன்.

சரி, மோனெட். 1945-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற மில் ஊரில் பிறந்தவர். பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் உதவித்தொகையில் படித்து, அப்புறம் யேல் பல்கலைக்கழகம். கவிதை எழுதினார், பள்ளியில் பாடம் எடுத்தார், பெண்களோடு பழகிப் பார்த்தார், மனநல மருத்துவரிடமும் போனார். இருபது சொச்சம் வயது வரைக்கும் அவருடைய முழுநேர வேலையே மறைப்பதுதான், மற்றதெல்லாம் பகுதி நேரம். 1974-ல் பாஸ்டனில் ரோஜர் ஹார்விட்ஸ் என்ற வழக்கறிஞரைச் சந்திக்கிறார். 1977-ல் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்க் குடும்பம் நடத்துகிறார்கள். 1985 மார்ச்சில் ரோஜருக்கு எய்ட்ஸ் என்று தெரிகிறது, 1986 அக்டோபரில் இறந்துபோகிறார். அந்தப் பத்தொன்பது மாதத்தைப் பற்றியதுதான் 1988-ல் வந்த 'பாரோட் டைம்'. ரோஜருக்குக் கண் பார்வை போன பிறகு பால் பக்கத்தில் உட்கார்ந்து பிளேட்டோவை வாசித்துக் காட்டுவார். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், ஓசூர் தாண்டும் வரை திறக்கவே இல்லை.

முடிவை முதலில் எழுதிவிட்டு, அப்புறம்தான் ஆரம்பத்துக்கு வருகிறார். 1992-ல் 'பிகமிங் எ மேன்', அதே வருடம் அமெரிக்காவின் தேசிய புத்தக விருது. பிறந்ததிலிருந்து ரோஜரைச் சந்திக்கும் நாள் வரைக்கும்தான் அதில் வரும். எழுதும்போது அவருக்கே எய்ட்ஸ் முற்றியிருந்தது. 1995 பிப்ரவரியில் 49 வயதில் இறந்தார். உயிரைப் பிடித்து நிறுத்திய புதுவகை மருந்துகளில் முதலாவதுக்கு அந்த வருடம் டிசம்பரில்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பத்து மாதம், அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னைக் கேட்டால் முதல் புத்தகம்தான் பெரியது. இரண்டாவதில் கோபம் ஜாஸ்தி, சில பக்கங்களில் மேடையேறி மைக்கைப் பிடித்துவிடுகிறார். ஆனால் உங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான். பாதி வாழ்க்கை முழுக்க ஒன்றுமே நடக்காமல் பார்த்துக்கொண்ட ஒருவர், அந்த ஒன்றுமில்லாததை எப்படி முந்நூறு பக்கத்துக்கு எழுதினார் என்று பாருங்கள். கடிதத்தில் 'என் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய முதல் பக்கத்தில், நைட் ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ்ஸில் கூட வேலை செய்பவன் உங்கள் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறான். ராயக்கோட்டை போகிறது, பாலக்கோடு தக்காளி மண்டி போகிறது, உங்கள் ஸ்டாப்பும் போகிறது, தோளை அசைக்க மனமில்லாமல் தர்மபுரி வரைக்கும் போய் அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துத் திரும்புகிறீர்கள். வீட்டில் கேட்டதற்கு 'ஓவர்டைம்' என்றிருக்கிறீர்கள். அருமை தம்பி, ஒரு எழுத்தை மாற்றாதீர்கள். இரண்டாம் பக்கம் பூராவும் 'சமூகம்' என்ற சொல்லைப் பிடித்துத் தொங்குகிறீர்கள், அதைக் கிழித்துப் போடுங்கள்.

இன்னொன்று, அந்தப் பஸ்ஸில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். அச்சில் வந்தால் தூங்கினவன் யாரென்று அந்த நாற்பது பேருக்கும் தெரிந்துவிடும். உங்களைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, அவனைக் காட்டிக்கொடுக்க இல்லை. ஷிப்டை மாற்றுங்கள், ரூட்டை மாற்றுங்கள், புனைபெயர் வைத்தாலும் தப்பில்லை. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு ஆணும் ஆணும் விரும்பிச் சேர்வது குற்றமில்லை, ஆனால் உங்கள் வீட்டுக் கூடமும் கம்பெனி கேன்டீனும் உச்ச நீதிமன்றத்தைக் கேட்டு நடப்பதில்லையே. முதலில் முழுசாக எழுதி முடியுங்கள், வெளியிடுவதைச் சொந்தக் காலில் நிற்கும்போது யோசிக்கலாம்.

தமிழிலும் துணை உண்டு. நாமக்கல் பக்கத்துக்காரர் ஏ. ரேவதி தமிழில் எழுதிய வாழ்க்கை 2010-ல் ஆங்கிலத்தில்தான் முதலில் வந்தது, 'வெள்ளை மொழி' என்று தமிழில் வந்தது 2011-ல். அது திருநங்கையின் வாழ்க்கை, உங்களுடையது வேறு. ஆனால் நம் பக்கத்துக் கிராமமும் பஸ் ஸ்டாண்டும் அண்ணன் அடியும் அதில் வருகிறபோது மோனெட்டிடம் கிடைக்காத ஒன்று கிடைக்கும்.

கேள்வி: கட்டிய துணையாகவே இருக்கட்டும், ஒருவர் நோயில் கிடந்ததை ஊரறிய எழுதுவது முறையா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊத்தங்கரை)

பதில்: நியாயமான கேள்விதான் ஐயா. எழுத உட்காரும்போது ரோஜர் உயிரோடு இல்லை, அனுமதி கேட்க ஆளில்லை. மோனெட் தன்னைத் தப்ப விடவில்லை என்பதற்காக மட்டும் நான் அவருக்கு மார்க் போடுகிறேன். தன் பயம், எரிச்சல், 'நமக்கெல்லாம் வராது' என்று ஏமாற்றிக்கொண்டது எல்லாவற்றையும் வைக்கிறார்.

ரோஜர் இறந்த அந்த 1986-ல்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். பிற்பாடு நம் ஊர்ச் சுவரெல்லாம் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று கேட்டபோது டீக்கடையில் நின்று சிரித்தோம், ஞாபகம் இருக்கும். எங்கள் தெருவில் ஒரு லாரி டிரைவர் எலும்பும் தோலுமாகி இறந்தார். மஞ்சள் காமாலை என்றார்கள். காமாலை இல்லை என்று தெரிந்த நாங்களும் துக்கம் கேட்க வந்தவர்களிடம் காமாலை என்றே சொன்னோம். அவர் மனைவி என்ன பார்த்தார், ராத்திரியில் யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. முறையா முறையில்லையா என்று கேட்டால், எனக்கு அந்த ஒரு வரி வேண்டியிருக்கிறது ஐயா.

கேள்வி: இப்படி எழுதினால் சோறு கிடைக்குமா?
(கல்லூரி மாணவர், அரூர்)

பதில்: கிடைக்காது. மோனெட்டும் சோற்றுக்கு வேறுதான் செய்தார், ஓடுகிற படங்களை நாவலாக்கிக் கொடுப்பார். டி.வி.யில் தமிழ் டப்பிங்கில் பார்த்திருப்பீர்களே, அர்னால்டு சேற்றைப் பூசிக்கொண்டு வேற்றுக்கிரகத்து ஜந்துவோடு மோதும் 'பிரிடேட்டர்'. 1987-ல் வந்த அந்த நாவல் வடிவம் இவர் எழுதியதுதான். ரோஜரின் மேல் பதினெட்டு இரங்கற்பாக்கள் எழுதி அடுத்த வருடம் புத்தகமாக்கியதும் அதே கைதான்.

கேள்வி: துவைக்க எடுத்தபோது மகனின் நோட்டைப் பார்த்துவிட்டேன். அவனும் அந்த மாதிரி என்று எழுதியிருக்கிறான். பெங்களூரில் ஒரு டாக்டர் ஊசி, மாத்திரையில் மாற்றிவிடுவாராம், ஆறு மாதம் ஆகுமாம். கூட்டிப் போகலாமா?
(ஒரு தாய், காவேரிப்பட்டணம்)

பதில்: வேண்டாம்மா. மாற்ற இதில் நோய் ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றிக் காட்டுகிறேன் என்று மருத்துவம் செய்யவே கூடாதென்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது, மறு வருடம் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்றே சொல்லிவிட்டது. அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனசு அடித்துக்கொள்வது புரிகிறது. ஆனால் அவன் இன்னும் உங்களிடம் சொல்லவில்லை, சொல்லட்டும், அதுவரை எப்போதும் போலக் களி கிண்டிப் போடுங்கள், எப்போதும் போலத் திட்டுங்கள். நோட்டை மட்டும் எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்துவிடுங்கள். அழுக்குத் துணிக்கு அடியில் இருந்ததென்றால் அழுக்குத் துணிக்கு அடியில். இந்த வாரம் அந்தத் துணியை அவனே துவைத்துக்கொள்ளட்டும்.