சால்மன் மீனைக் காக்க விரும்பும் மகளும் தாயின் கவலையும்

அன்புள்ள அம்மா,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் சால்மன் பாதுகாப்புப் பணிக்கே போவேன் என்று உறுதியாக நிற்பதாகவும், எங்கோ ஓர் ஆற்று மீனைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று உங்களுக்கு உறக்கம் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கவலை நியாயமானதே. ஆனால் அந்தப் பணி மீனோடு மட்டும் நிற்பதில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்து ஓடைகளில், இலையுதிர்கால மழைக்குப் பின் கடலிலிருந்து முட்டையிட ஏறிவந்த கோஹோ என்ற வகைச் சால்மன்கள், நீர்மட்டத்தில் வாய் பிளந்து தடுமாறிச் சுற்றி, சில மணி நேரத்தில் செத்துக் கிடந்தன. வயிற்றைக் கீறிப் பார்த்தால் முட்டைகள் இடப்படாமல் உள்ளேயே இருந்தன. பல ஆண்டுகள் புரியாதிருந்த இந்தச் சாவின் காரணம் 2020-இல்தான் வெளியானது. டயரில் வெடிப்பு விழாதிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள், ஓசோனோடு வினைபுரிந்து கொடிய நஞ்சாக மாறி, சாலையிலிருந்து மழைநீரோடு ஓடையில் கலந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க மீனியலாளர்களோடு வேதியியலாளர்களும் தேவைப்பட்டார்கள். அதே வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில், சால்மன்கள் மீண்டும் ஏறிவர வழிவிட்டு 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளை அகற்றியபோது வண்டல் கணக்கிடும் பொறியாளர்களுக்கும், வெறுமையான நீர்த்தேக்கத் தரையில் காடு வளர்க்கத் தெரிந்த தாவரவியலாளர்களுக்கும் அங்கே வேலை இருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: அமெரிக்க அரசின் மீன்வளப் பணிகள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கே கிடைக்கும். ஆகவே கடன் வாங்கி இளநிலைப் படிப்புக்கே வெளிநாடு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியின் நான்காண்டுப் பட்டமோ, புள்ளியியலும் சேர்ந்த வேதியியல் பட்டமோ இங்கேயே படிக்கட்டும். முதுநிலைக்கு வெளிநாடு போகும்போது, ஆய்வு உதவியாளர் பணியோடு இடம் கிடைத்தால் கட்டணச் சுமை பெரிதும் குறையும்.

கற்ற திறன் இந்தியாவிலும் வீணாகாது. கடலிலிருந்து கங்கையில் ஏறும் ஹில்சா மீனின் வழியை மேற்கு வங்கத்தில் 1975-இல் இயங்கத் தொடங்கிய ஃபராக்கா தடுப்பணை மறித்தது. பாரக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம் இன்று அந்த மீன்களை அணைக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது.

கலந்தாய்வுக்கு முன் மகளை அழைத்துக்கொண்டு, மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள். ஆய்வுக்கூடத்தில் நீர் மாதிரியைச் சோதிப்பது, ஆற்றில் இறங்கி மீன் எண்ணுவது, கணினியில் தரவு அலசுவது ஆகியவற்றில் எதில் அவள் மனம் நிற்கிறது என்பதை அவள் வாயாலேயே கேட்க விரும்புகிறேன்.