சம்பளத்தை 25 நாளால் வகுக்காதீர்கள்

கேள்வி: கோவையில் இயந்திரம் தயாரிக்கும் நிறுவனத்தில் 11 வருடமாக பிஎல்சி (இயந்திரத்தை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) புரோகிராமர். சம்பளம் மாதம் 1 லட்சம். தனியாக கன்சல்டிங் செய்ய நினைக்கிறேன். 25 நாளால் வகுத்து, நாளுக்கு 4,000 ரூபாய் கேட்கலாமா? வேலை எங்கே கிடைக்கும்?

பதில்: 4,000 கேட்டால் ஒரே வருடத்தில் சேமிப்பைக் கரைத்துவிடுவீர்கள். கொட்டேஷன் போடுவது, சைட் பார்ப்பது, பணத்துக்கு அலைவது எல்லாம் போக, பில் போடக்கூடிய நாள் மாதத்துக்குப் பத்துதான் தேறும்; வருடத்துக்கு 120. இப்போதைய 12 லட்சத்தோடு நிறுவனம் கட்டிவந்த பிஎஃப், கிராஜுவிட்டிக்கு ஒரு லட்சம். மருத்துவக் காப்பீடு, சாஃப்ட்வேர் லைசென்ஸ், லேப்டாப், ஆடிட்டர், பயணத்துக்கு இரண்டு லட்சம். மொத்தம் 15 லட்சம். 120-ஆல் வகுத்தால் நாளுக்கு 12,500.

இதை நாள் கூலியாகச் சொன்னால் முதலாளி முகம் சுளிப்பார். வேலைக்கு இவ்வளவு என்று சொல்லுங்கள்: ஆறு நாள் வேலை என்றால் 75,000. ஆனால் எத்தனை இன்புட் (சென்சார், சுவிட்ச்), எத்தனை அவுட்புட் (மோட்டார், வால்வு), ஆபரேட்டருக்கு எத்தனை ஸ்கிரீன் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். நஷ்டம் பெரும்பாலும் இங்கேதான் வரும். "இன்னும் நாலு சென்சார்தானே" என்பார்கள். லாஜிக்கையே மாற்ற வேண்டியிருக்கும். ஃபிட்டர் வேலை முடியாமல் நீங்கள் சைட்டில் காத்திருக்கும் நாளுக்கும் தனிக் கட்டணம் வையுங்கள்.

பணத்தை மூன்று தவணையாக வாங்குங்கள்: பிஓவோடு (பர்ச்சேஸ் ஆர்டர்) 40 சதவீதம், புரோகிராம் சோதனை முடிந்ததும் 40, கமிஷனிங் (சைட்டில் மெஷினை ஓட்டிக்காட்டி ஒப்படைப்பது) முடிந்ததும் 20. அந்தக் கடைசி வரியில் "அல்லது டெலிவரியிலிருந்து 30 நாள், எது முந்தியதோ அது" என்று கட்டாயம் சேருங்கள். இல்லாவிட்டால் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், கமிஷனிங் மட்டும் முடியவே முடியாது. சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். செய்துவிட்டால் 45 நாளுக்குள் பணம் தரச் சட்டம் துணை நிற்கும்.

வேலைக்கு முதலில் மெஷினுக்கான கன்ட்ரோல் பேனல் தயாரிப்பவர்களையும், சொந்த புரோகிராமர் இல்லாத சிறு மெஷின் தயாரிப்பாளர்களையும் பாருங்கள். பிஎல்சி விற்கும் டீலரிடம் "யாராவது ஆள் இருக்கா?" என்று கேட்டு வருபவர்கள் உண்டு, அவருக்கு உங்கள் நம்பர் தெரிந்திருக்கட்டும். கோவை கொடிசியா வளாகத்தில் இன்டெக் இயந்திரக் கண்காட்சி நடக்கும்போது ஸ்டால் ஸ்டாலாகப் போய்ப் பேசுங்கள். இப்போதைய நிறுவனத்தின் வாடிக்கையாளரைத் தொடும் முன் உங்கள் வேலை ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள்.

வரியைப் பற்றிப் பயம் வேண்டாம். 44ஏடிஏ என்று பழகிய அனுமான வருமான முறையில் வரவில் பாதியை, அதாவது ஏழரை லட்சத்தை, வருமானமாகக் காட்டலாம். வேறு வருமானம் இல்லையென்றால் புதிய வரி முறையில் வரியே வராது. வருட நடுவில் வேலையை விட்டால் அதுவரை வாங்கிய சம்பளமும் கணக்கில் சேரும். ஆனால் வாடிக்கையாளர் பில்லில் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வரி) பிடித்தால், ஒன்றரை லட்சம் ரீஃபண்ட் வரும்வரை கைக்கு வராது. வருட வரவு 20 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை.

ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியிலும், அட்வான்ஸ் கொடுத்த இரண்டு பிஓ கையிலும் இருக்கும்போது ராஜினாமா கடிதம் கொடுங்கள்.