கரும்புகை விடும் வி8: சோக் பற்றி வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 1967 மஸ்டாங் வைத்திருக்கிறோம். 289 வி8 இன்ஜின், இரண்டு பேரல் ஆட்டோலைட் 2100 கார்புரேட்டர். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வருகின்றன. சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிவிடுகிறது. மெக்கானிக் மிக்சர் ஸ்க்ரூவை (ஐடிலில் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்வது) திருகிப் பார்த்துவிட்டு, கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், காட்பாடி

பதில்: மாற்ற வேண்டாம். குளிர்ந்த இன்ஜின் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, சூடேறச் சூடேறக் கரும்புகை கூடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சோக்கைத்தான்; குளிர்ந்த இன்ஜின் எளிதில் ஸ்டார்ட் ஆகக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும் அமைப்பு அது. மேலே சோக் தகடு காற்றை மறித்துக்கொண்டிருக்கும்போது கீழே மிக்சர் ஸ்க்ரூவைத் திருகிப் பயனில்லை. இரண்டு ஸ்க்ரூவையும் மெதுவாக அடிவரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து அப்படியே விட்டுவிடுங்கள். அழுத்தித் திருகினால் ஊசிமுனை கெடும்.

இந்த கார்புரேட்டரில் சோக் தானாக இயங்குவது. பக்கத்தில் மூன்று ஸ்க்ரூவில் நிற்கும் கறுப்பு மூடிக்குள் ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. குளிரில் அது தகட்டை மூடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் வழி) சூடாகும் காற்றை இன்ஜினின் வேக்குவம், அதாவது உறிஞ்சும் விசை, மெல்லிய குழாய் வழியே மூடிக்குள் இழுக்கும். அந்தச் சூட்டில் ஸ்பிரிங் தளர்ந்து தகடு திறக்கும்.

சோதனையை ராத்திரி முழுக்க நின்ற வண்டியில்தான் செய்ய வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை முழுக்க மிதித்து விடுங்கள். தகடு மூட வேண்டும். ஸ்டார்ட் ஆனவுடன் சுமார் 3 மி.மீ. திறந்து, பிறகு சில நிமிடங்களில் நேர்க்குத்தாக நிற்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள்; பேக்ஃபயர் ஆனால் தீ மேலே வரும்.

இன்ஜின் சூடான பிறகு கறுப்பு மூடியைத் தொட்டுப் பாருங்கள். மூடி சில்லென்றிருந்தால் சூடான காற்று வரவில்லை: குழாய் கழன்றிருக்கும், அடைத்திருக்கும், அல்லது வேக்குவம் வழி கரியால் மூடியிருக்கும். மூடியைத் திறந்ததும் உள்ளே கரிப்பொடி இருந்தால், மேனிஃபோல்டுக்குள் போகும் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகி எக்ஸாஸ்ட் புகையை உள்ளே இழுக்கிறது என்று பொருள். இந்த வயது வண்டிகளில் இது மிகச் சாதாரணம். குழாயை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் புதியதும் அரித்துப்போகும். அங்கேயே இருக்கும் சின்ன வேக்குவம் பிஸ்டனும் கரியில் இறுகியிருக்கும். கார்ப் கிளீனர் அடித்து விரலால் தள்ளினால் தடையில்லாமல் போய்வர வேண்டும்.

மூடி சூடாக இருந்தும் தகடு திறக்கவில்லையென்றால் தகட்டைத் தாங்கும் தண்டு ஒட்டியிருக்கிறது, அல்லது மூடி ரிச் (பெட்ரோல் கூடிய கலவை) பக்கம் அதிகம் திருகப்பட்டிருக்கிறது. தண்டின் இரு முனையிலும், குளிரில் ஐடில் வேகத்தைக் கூட்டிவைக்கும் ஃபாஸ்ட் ஐடில் கேமிலும் கார்ப் கிளீனர் அடியுங்கள். எண்ணெய் விடக்கூடாது, நம் ஊர்ப் புழுதி அதில் ஒட்டிப் பசையாகும். மூடியைக் கழற்றிய நிலையில் தகடு தன் எடையிலேயே விழ வேண்டும். இன்னொன்று: ஏர் ஃபில்டர் நட்டை மிகையாக முறுக்கினாலும் கார்புரேட்டரின் மேல்பாகம் வளைந்து தண்டைப் பிடிக்கும். ஃபில்டர் இல்லாதபோது நன்றாக ஆடும் தகடு, ஃபில்டர் போட்டதும் நின்றால் காரணம் அதுதான்.

மூடியைத் திருகும் முன் பழைய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் திருகினால் தகடு திறக்கிறதோ அது லீன் (பெட்ரோல் குறைந்த கலவை). ஒரு நாளுக்கு மூடி ஓரத்து அளவுக்கோடுகளில் ஒரு கோடு மட்டும் நகர்த்தி, மறுநாள் காலை பாருங்கள். கத்திரி வெயில் நாளில் விடியற்காலையிலேயே தகடு முழுசாக மூடாது. ஓரத்தில் இடைவெளி இருக்கும். அது கோளாறு அல்ல. வேலூர்ச் சூட்டுக்கு அவ்வளவு சோக் தேவையே இல்லை. அதை மூடவைக்க யாரோ மூடியைத் திருகியதால்தான் பல வண்டிகள் புகைகின்றன.

கடைசியாக பிளக்குகளைச் சுத்தம் செய்து இடைவெளியை 0.034 அங்குலத்தில் வையுங்கள். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தால் இன்ஜின் ஆயிலைத் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

கேள்வி: புதிதாக எலெக்ட்ரிக் சோக் கார்புரேட்டர் போட்டோம். அதற்கு இக்னிஷன் காயிலிலிருந்து ஒயர் எடுத்திருக்கிறார்கள். சோக் பாதியில் நிற்கிறது.
– வாசகர், குடியாத்தம்

பதில்: அந்த ஒயரை இன்றைக்கே மாற்றுங்கள். எலெக்ட்ரிக் சோக்கில் ஸ்பிரிங்கைச் சூடாக்குவது கரண்ட்தான். பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகக் கரண்ட்டை விட்டுவிட்டு துண்டிக்கும் பழைய சுவிட்ச்) வைத்த வண்டிகளில் காயிலுக்கு ரெசிஸ்டன்ஸ் வழியாகவே கரண்ட் வரும். முழு 12 வோல்ட் கிடைக்காது. சோக் சூடாகாது, ஸ்பார்க்கும் பலவீனமாகும். சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் இடத்திலிருந்து ஃப்யூஸ் வைத்து எடுங்கள். எர்த் ஒயர் சுத்தமான உலோகத்தில் பிடிக்க வேண்டும். இன்ஜினை ஓடவிடாமல் சாவியை ஆன் செய்து வைத்திருக்காதீர்கள். குளிர்ந்த இன்ஜினிலேயே சோக் திறந்துவிடும்.

கேள்வி: எங்கள் பழைய அம்பாசடரில் எஸ்யூ கார்புரேட்டர். சோக் நாப்பை உள்ளே தள்ளிய பிறகும் பெட்ரோல் அதிகமாகக் குடிக்கிறது.
– வாசகர், ஆம்பூர்

பதில்: இதில் சோக் தகடு கிடையாது. நாப்பை இழுத்தால் அடியிலுள்ள ஜெட் கீழிறங்கி, ஊசியைச் சுற்றிக் கூடுதல் பெட்ரோல் வரும். நாப்பைத் தள்ளியும் ஜெட் மேலே ஏறாததுதான் உங்கள் பிரச்சினையாக இருக்கும். நாப் உள்ளே இருக்கும்போது ஜெட்டை விரலால் மேலே தள்ளுங்கள். நகர்ந்தால் கேபிள் இறுக்கம், அல்லது ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ச்சி. கேபிள் ஜெட் லீவரை இழுக்கத் தொடங்கும் முன் சுமார் 1.5 மி.மீ. தளர்வு வேண்டும்.

பிறகு, இன்ஜின் சூடாக ஐடிலில் ஓடும்போது கார்புரேட்டரின் பிஸ்டனை அதைத் தூக்குவதற்கென்றே பக்கத்திலுள்ள லிஃப்டிங் பின்னைக் கொண்டு 0.8 மி.மீ. மட்டும் தூக்குங்கள். ஆர்பிஎம் சற்றே ஏறி அடங்கினால் மிக்சர் சரி. ஏறிக்கொண்டே போனால் ரிச், சரிந்து நின்றால் லீன்.

கேள்வி: மதியம் கடைத்தெருவில் பத்து நிமிடம் நிறுத்தினால் வி8 மறுபடி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. சோக்தானா?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: காலையில் நன்றாக இருந்தால் பெரும்பாலும் சோக் இல்லை. நிறுத்தியதும் இன்ஜின் சூடு மேலேறி, கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிகிறது. ஆக்ஸிலரேட்டரைப் பம்ப் செய்யாமல் தரைவரை மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். பிடித்ததும் காலை எடுங்கள். கார்புரேட்டருக்கு அடியில் சூடு தடுக்கும் தடித்த ஸ்பேசர் போட்டால் பெருமளவு குறையும். போடும் முன் பானெட் மூடுகிறதா என்று அளந்துகொள்ளுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருப்பதால், பழைய ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் ஹோஸ்களாக மாற்றிவிடுங்கள்.